கேட்டோ: ஒரு ரோமானியப் பெயரின் ஆங்கில வாழ்வு

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குப் பெயர் தேட உதவும் கையேடுகளில் கேட்டோ என்ற பெயருக்கு எதிரே 'அறிவாளி' என்றோ 'கூர்மதி உடையவன்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். வேர்ச்சொல் வழியில் பார்த்தால் அது சரிதான். லத்தீனில் 'கட்டுஸ்' என்றால் கூர்மையானவன், நெளிவுசுளிவு அறிந்தவன். அது சபைன் மக்களின் பேச்சிலிருந்து வந்த சொல் என்று கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வாரோ எழுதியிருக்கிறார். கேட்டோ குடும்பத்தின் பெருமைக்குக் காரணமான மூத்த கேட்டோவுக்கு முதலில் பிரிஸ்கஸ் என்ற பெயர் இருந்ததாகவும், அவருடைய திறமையைப் பார்த்த பிறகே கேட்டோ என்று அழைக்கத் தொடங்கியதாகவும் பண்டைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்கிறார்.

ஆனால் ஒரு பெயர் ஈராயிரம் ஆண்டு ஊர் சுற்றியபின் அதன் பொருளை வேரில் மட்டும் தேடினால் கிடைக்காது. அந்தப் பெயரை யார் யாருக்கு வைத்தார்கள், யார் அதைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கேட்டோ என்ற பெயருக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது. கொடுங்கோலை எதிர்த்து எழுதிய வெள்ளையர்கள் கட்டுரைக்கு அடியில் இட்ட கையெழுத்து அது. விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு எசமானர்கள் சூட்டிய பெயரும் அதுவே. இரண்டும் ஒரே காலம், ஒரே நாடு, பல சமயம் ஒரே பத்திரிகை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ரோமிலேயே அந்தப் பெயருக்குள் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன.

முழுப்பெயர் மார்க்கஸ் போர்சியஸ் கேட்டோ. மார்க்கஸ் என்பது முதற்பெயர். இத்தகைய முதற்பெயர்கள் ரோமர்களிடம் மிகக் குறைவு. பரவலான புழக்கத்தில் இருந்தவை இருபதைத் தொடாது. அதனால்தான் கல்வெட்டுகளில் ஓர் எழுத்தைப் பொறித்தாலே போதுமாயிருந்தது. போர்சியஸ் குலப்பெயர், பன்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. மூன்றாவது பெயர் பட்டப்பெயராகத் தொடங்கி, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிக் கெட்டிப்பட்டது. கொண்டைக்கடலையிலிருந்து சிசரோ, பெரிய மூக்கிலிருந்து நாசோ, மாறுகண்ணிலிருந்து ஸ்டிராபோ என்று பலருக்கு உடற்குறைகளே பெயராக நிலைத்துவிட்ட ஊரில், அறிவைச் சொல்லும் பட்டம் கிடைத்த குடும்பம் கொடுத்துவைத்தது.

மூன்று பெயர் குடிமகனின் அடையாளம். அடிமைக்கு ஒரே பெயர். பழைய காலத்தில் அதுவும் இல்லை. மார்க்கஸின் பையன் என்ற பொருளில் 'மார்சிபோர்' என்று அழைத்தார்கள். விடுதலை கிடைத்தால் எசமானின் முதலிரு பெயர்களையும் முன்னால் சேர்த்துக்கொண்டு, தன் பழைய ஒற்றைப் பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்வான். சிசரோவின் எழுத்தர் டைரோ அப்படித்தான் மார்க்கஸ் டல்லியஸ் டைரோ ஆனார். ஒருவனுக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்தாலே அவன் நிலை தெரிந்துவிடும்.

மூத்த கேட்டோ கி.மு. 234இல் டஸ்குலத்தில் பிறந்தவர். கி.மு. 195இல் கான்சல், 184இல் சென்சர். கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பெயர் பெற்றவர். அவர் எழுதிய வேளாண் நூல்தான் லத்தீன் உரைநடையில் முழுமையாகக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது. சுமார் 150 ஏக்கர் ஆலிவ் தோப்புக்கு என்னென்ன வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் போடுகிறார். மேற்பார்வையாளன் ஒருவன், அவன் மனைவி, கூலியாட்கள் ஐந்து, ஏரோட்டிகள் மூன்று, கழுதைக்காரன் ஒருவன், பன்றி மேய்ப்பவன் ஒருவன், ஆட்டிடையன் ஒருவன். ஆக மொத்தம் 13 பேர். வரியை மாற்றாமலே அடுத்து எருதுகள், பொதிகழுதைகள், 100 ஆடுகள், எண்ணெய்ச் செக்கு, ஜாடிகள் என்று பட்டியல் ஓடுகிறது. மனிதர் எங்கே முடிகிறார், தட்டுமுட்டுச் சாமான் எங்கே தொடங்குகிறது என்று அவர் கோடு கிழிக்கவில்லை. நூலின் தொடக்கத்திலேயே பண்ணையாருக்கு ஓர் அறிவுரையும் உண்டு: கிழட்டு எருதையும் பழைய வண்டியையும் விற்றுவிடு, வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடு.

இந்த வரி பழங்காலத்திலேயே உறுத்தியிருக்கிறது. கேட்டோவின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க், பொதுவாக மரியாதையுடன் எழுதுபவர், இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார். தனக்காக உழைத்து மூப்படைந்த ஓர் எருதைக்கூடத் தான் விற்க மாட்டேன், மனிதனை விற்பது எப்படி என்று கேட்கிறார். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் விரும்பிப் படித்த புளூட்டார்க் இவர்தான். அவருடைய புகழுரைகளை எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

இளைய கேட்டோ, கி.மு. 95இல் பிறந்தவர், மூத்தவரின் கொள்ளுப்பேரன். ஜூலியஸ் சீசரின் தனியாட்சிக்குப் பணிய மறுத்து, கி.மு. 46இல் வட ஆப்பிரிக்கக் கடற்கரை நகரான யூட்டிகாவில் தற்கொலை செய்துகொண்டவர். சுதந்திரத்தின் உருவம் என்று ஐரோப்பா கொண்டாடியது இவரைத்தான். தற்கொலையைப் பாவமாகக் கருதிய கிறிஸ்தவக் கவி தாந்தேகூட இவரை நரகத்தில் தள்ள மனமின்றி உத்தரிப்பு மலைக்குக் காவலராக நிறுத்தினார்.

அந்த இறுதி இரவைப் புளூட்டார்க் விரிவாகச் சொல்கிறார். படுக்கையில் சாய்ந்து பிளேட்டோவின் நூலைப் படித்துக்கொண்டிருந்த கேட்டோ நிமிர்ந்து பார்க்கிறார். தலைமாட்டில் வாளைக் காணவில்லை. மகன்தான் எடுத்து மறைத்திருக்கிறான். வாளைக் கொண்டுவா என்று அடிமைகளைக் கூப்பிடுகிறார். தாமதமாகிறது. கோபத்தில் ஓர் அடிமையின் வாயில் முட்டியால் குத்துகிறார். குத்திய வேகத்தில் அவர் கையே காயப்படுகிறது, வீங்குகிறது, மருத்துவர் வந்து கட்டுப் போடுகிறார். விடியும் வேளையில் வாளை எடுத்துத் தன்னையே குத்திக்கொள்ளும்போது, வீங்கிய கை வலுவாக இறங்கவில்லை. அதனால் உடனே உயிர் போகவில்லை. வயிற்றைத் தைத்த மருத்துவரைத் தள்ளிவிட்டுக் காயத்தைத் தானே கிழித்துக்கொண்டு இறக்கிறார்.

ஒருவனுக்கு அடிமையாக வாழ மாட்டேன் என்று உயிரை விட்டவரின் கை, அடிமையை அடித்ததால்தான் தடுமாறியது. புளூட்டார்க் இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. அடிவாங்கிய மனிதனின் பெயரையும் அவர் தரவில்லை.

ஆங்கில மொழிக்குள் கேட்டோ நுழைந்தது அரசியல் வழியாக அல்ல, பள்ளிக்கூட வழியாக. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டில் யாரோ எழுதிய ஈரடி நீதிப்பாக்கள் கேட்டோவின் பெயரில் வழங்கிவந்தன. இடைக்கால ஐரோப்பாவில் லத்தீன் படிக்கத் தொடங்கும் சிறுவன் கையில் முதலில் கொடுத்தது அந்த நூலைத்தான். பிரெஞ்சு உச்சரிப்பைத் தழுவிக் 'கேட்டூன்' என்றார்கள். இடைக்கால ஆங்கிலக் கவி சாசரின் கதையொன்றில் ஒரு தச்சனின் அறியாமையைக் காட்ட, அவன் கேட்டோவைப் படிக்காதவன் என்று சொன்னாலே போதுமாயிருக்கிறது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் கேக்ஸ்டன் அந்த நீதிநூலை அச்சிட்டார். 1735இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின், ஜேம்ஸ் லோகனின் மொழிபெயர்ப்பை அச்சிட்டார். கேட்டோ என்றால் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி என்றே தலைமுறை தலைமுறையாகப் பதிந்திருந்தது.

அதை மாற்றியது ஒரு நாடகம். ஜோசப் அடிசன் எழுதிய 'கேட்டோ' 1713 ஏப்ரல் 14 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஏறியது. யூட்டிகாவின் கடைசி நாட்கள்தான் கதை. விக் கட்சியினரும் டோரி கட்சியினரும் சுதந்திரம் என்ற சொல் வரும்போதெல்லாம் போட்டி போட்டுக் கைதட்டினார்கள். டோரித் தலைவர் போலிங்புரோக், கேட்டோவாக நடித்த பார்ட்டன் பூத்தைத் தன் இருக்கைக்கு அழைத்து, நிரந்தர சர்வாதிகாரியை எதிர்த்துச் சுதந்திரத்தைக் காத்ததற்காக 50 கினி கொடுத்தார். விக் தரப்புத் தளபதி மார்ல்பரோ பிரபுவுக்கு விழுந்த அடி அது. அடிசனின் மேடையில் கேட்டோ மேசைமீது உருவிய வாளுடன் பிளேட்டோவைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடிமையின் வாயில் விழுந்த குத்து அங்கே இல்லை. பளிங்கில் செதுக்கியதுபோன்ற கேட்டோவைத்தான் ஆங்கில உலகம் அன்று பெற்றுக்கொண்டது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த நாடகம் பிடித்த பிடி அசாத்தியமானது. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அது மிகவும் பிடித்தமானது. 1778 மே மாதம் வேலி போர்ஜ் பாசறையில் அவருடைய அதிகாரிகள் அதை நடித்தார்கள். சுதந்திரம் கொடு, இல்லையேல் சாவைக் கொடு என்று முழங்கியதாகப் பேட்ரிக் ஹென்றிமீதும், நாட்டுக்குக் கொடுக்க ஓருயிர்தானே இருக்கிறது என்று தூக்குமேடையில் வருந்தியதாக நேதன் ஹேல்மீதும் ஏற்றிச் சொல்லும் வாசகங்களுக்கு அடிசனின் வசனங்களோடு உள்ள நெருக்கத்தை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சுட்டிவருகிறார்கள்.

நாடகம் பெயரைப் புகழ்படுத்தியது. பத்திரிகை அதைக் கையெழுத்தாக்கியது. தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்து லண்டனே அல்லோலகல்லோலப்பட்ட 1720இல், ஜான் டிரெஞ்சர்டும் தாமஸ் கார்டனும் 'கேட்டோ' என்ற பெயரில் கடிதக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார்கள். 1723வரை 140க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. ஊழல், நிலைப்படை, பேச்சுரிமை எல்லாம் அவற்றின் பொருள். அண்ணன் ஜேம்ஸ் சிறையில் கிடந்த 1722இல், 16 வயதுப் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சொந்தப் புனைபெயரான சைலன்ஸ் டூகுட் கட்டுரையில் பேச்சுரிமை பற்றிய கேட்டோ கடிதத்தையே எடுத்துப் போட்டார். இன்று வாஷிங்டனில் இயங்கும் கேட்டோ நிறுவனம் தன் பெயரை எடுத்ததும் இந்தக் கடிதங்களிலிருந்துதான்.

முகமூடி யாருக்கும் பொருந்தும். 1776இல் அமெரிக்க விடுதலையே வேண்டாம் என்று தாமஸ் பெயினை எதிர்த்து எழுதிய பாதிரியார் வில்லியம் ஸ்மித்தும் 'கேட்டோ' என்றே கையெழுத்திட்டார். 1787இல் நியூயார்க்கில் புதிய அரசியல் சாசனத்தை எதிர்த்து ஒரு 'கேட்டோ' எழுத, அதை ஆதரித்துப் பதிலெழுதியவர் 'சீசர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். 1940இல் டன்கர்க் பின்வாங்கலுக்குப் பிறகு, ஹிட்லருடன் இணங்கிப் போன அமைச்சர்களைப் பெயர் சொல்லிச் சாடிய 'குற்றவாளிகள்' என்ற சிறுநூலின் ஆசிரியரும் 'கேட்டோ'தான். உள்ளே இருந்தவர்கள் மைக்கேல் புட், பிராங்க் ஓவன், பீட்டர் ஹோவர்ட் என்ற மூன்று பத்திரிகையாளர்கள். பெரிய புத்தகக் கடைகள் விற்க மறுத்தும் இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. ரோமின் சாக்கடைகளைச் சுத்தம் செய்த மூத்த கேட்டோவை மனத்தில் வைத்தே அந்தப் பெயரைத் தேர்ந்தார்கள்.

லண்டனில் கேட்டோ தெரு என்றொரு சிறு சந்தும் உண்டு. அமைச்சரவை முழுவதையும் ஒரே விருந்தில் கொன்றுவிடத் திட்டமிட்டவர்களை 1820 பிப்ரவரி 23 அன்று அங்கிருந்த ஒரு லாயத்தில் பிடித்தார்கள். தூக்கிலிடப்பட்ட ஐவரில் ஒருவர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பரான வில்லியம் டேவிட்சன். பெயருக்கு வந்த இழுக்கைத் துடைக்கத் தெருவுக்கு ஹோரஸ் என்று ரோமானியக் கவியின் பெயரை மாட்டிப் பார்த்தார்கள். பின்னாளில் பழைய பெயரே திரும்பியது.

மறுபக்கத்துக்கு வருகிறேன். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலக் குடியேற்றங்களில் அடிமைகளுக்கு வைத்த பெயர்களில் ரோமப் பெயர்கள் தனியே தெரியும்: சீசர், பாம்பே, சிபியோ, கேட்டோ, ஜூபிடர். ஏலப் பட்டியல், உயில், ஓடிப்போனவரைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரம், எங்கே பார்த்தாலும் இவை உண்டு. செவ்விலக்கியம் படித்த பண்ணையாரின் ரசனை என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ரசனை என்றால் சொந்த மகனுக்கல்லவா முதலில் வைத்திருப்பார்கள்? மகன் ஜானாகவும் வில்லியமாகவும் இருந்தான். பிரிஸ்டல் அருகே ஹென்பரி தேவாலய முற்றத்தில் சிபியோ ஆப்பிரிக்கானஸ் என்ற பெயருடன் ஒரு கல்லறை இருக்கிறது. அங்கே கிடப்பவர் சபோக் பிரபுவின் வீட்டில் வேலை செய்து 1720இல் 18 வயதில் இறந்த ஆப்பிரிக்க இளைஞர். ஆப்பிரிக்காவை வென்றதற்காக ஒரு தளபதிக்கு ரோம் கொடுத்த பட்டம் அது. அதைத் தூக்கி ஆப்பிரிக்கச் சிறுவன் தலையில் வைத்தார்கள். 1751இல் பிரான்சிஸ் கவன்ட்ரி எழுதிப் பிரபலமான ஆங்கில நாவலின் நாயகன் பாம்பே ஒரு மடிநாய். சீமாட்டிகளின் பின்னால் நின்ற கறுப்புச் சிறுவர்களுக்கும் அதே பெயர்தான். ஆளுக்கு அளவில்லாத பெரிய பெயரைச் சூட்டிச் சிரிப்பது அதிகாரத்தின் பழைய கேளிக்கை. இதை வெறும் ரசனை என்று சொல்லிக் கடந்துபோவது நேர்மையாகாது.

கேட்டோ விஷயத்தில் அந்தக் கேளிக்கை திரும்பிவந்து சுட்டது. 1739 செப்டம்பர் 9 அன்று தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் சுமார் 20 அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, விடுதலை தருவதாக ஸ்பெயின் அறிவித்திருந்த புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். முரசு கொட்டி, கொடி பிடித்து, 'சுதந்திரம்' என்று கூவிக்கொண்டு போனதாக அக்கால ஆவணம் சொல்கிறது. வழியில் ஆள் சேர்ந்தது. அன்று மாலைக்குள் வெள்ளையர் படை சூழ்ந்துகொண்டது. தலைவர் பெயர் ஜெமி என்று ஒரு பதிவும் கேட்டோ என்று வேறு பதிவுகளும் உண்டு. 'கேட்டோவின் கலகம்' என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. 1937இல் தென் கரோலினாவில் அரசு அனுப்பிய எழுத்தாளர்கள் பழங்கதைகளைச் சேகரித்தபோது, கேட்டோ என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட வழித்தோன்றல் ஒருவர் தன் முன்னோரைப் பற்றிச் சொன்னார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராம். கலகத்துக்கு முன்பே மற்ற அடிமைகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துத் தப்பவைத்தவராம். 1740இல் தென் கரோலினா கொண்டுவந்த சட்டம் அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது.

விடுதலை பெற்றவர்களில் பலர் முதல் வேலையாக இந்தப் பெயர்களை உதறினார்கள். பிலடெல்பியா போன்ற வடக்கு நகரங்களில் சீசர்களும் பாம்பேக்களும் கேட்டோக்களும் குறைந்து, சாதாரண ஆங்கில முதற்பெயரும் தாமே தேர்ந்த குடும்பப் பெயருமாகக் கறுப்பர்கள் பதிவேடுகளில் எழுந்து வருவதை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மார்க்கஸ் தழைத்து கேட்டோ அருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் பிளிமத்தில் கேட்டோ ஹோவ் என்பவர், புரட்சிப் போரில் வீரராகப் பணியாற்றியவர், குவாமனி குவாஷ், பிரின்ஸ் குட்வின், பிளேட்டோ டர்னர் என்ற மூன்று தோழர்களுடன் ஊரெல்லையில் குடியேறினார். திருத்திக் குடியிருப்பவர்களுக்கென்று 1792இல் பிளிமத் நகரம் ஒதுக்கிய 94 ஏக்கர் அது. பார்ட்டிங் வேஸ் என்று பெயர். 1970களில் தொல்லியலாளர் ஜேம்ஸ் டீட்ஸ் அங்கே அகழாய்வு செய்தார். போர்வீரர் ஓய்வூதியத்துக்காக ஹோவ் தன் உடைமைகளைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. நிலம் இல்லை. ஒரு பசு, ஒரு பன்றி, ஐந்து நாற்காலி, ஒரு மேசை, இரண்டு கெண்டி, மூன்று கத்தி, மூன்று முட்கரண்டி, மூன்று தட்டு, இரண்டு கிண்ணம், கோடாலி, மண்வெட்டி. மொத்த மதிப்பு 27 டாலர். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கேட்டோவின் தோப்புப் பட்டியலை இதனருகில் வைத்துப் பாருங்கள். அந்தக் கேட்டோ எண்ணுபவர். அவர் பட்டியலில் இந்தக் கேட்டோவுக்கு எருதுக்கு முந்தைய வரிசையில் இடம் இருந்திருக்கும். பார்ட்டிங் வேஸில் கேட்டோ தன் பசுவைத் தானே எண்ணுகிறார்.

பிலடெல்பியாவில் 1781 செப்டம்பர் 21 அன்று 'பிரீமன்ஸ் ஜர்னல்' வெளியிட்ட ஒரு கடிதத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். பென்சில்வேனியா 1780 மார்ச் 1 அன்று அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றியது. எசமானர்கள் தம் அடிமைகளை நவம்பர் 1க்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அந்த அடிமைகள் சுதந்திரர். பலர் பதியாமல் விட்டார்கள், பலர் விடுதலை ஆனார்கள். அடுத்த ஆண்டே காலக்கெடுவை நீட்டி, ஏற்கெனவே விடுதலையானவர்களைத் திரும்ப அடிமையாக்க வழி செய்யும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. அப்போது வந்த கடிதம் அது. எழுதியவர் தன்னை ஏழைக் கறுப்பர் என்றும், அந்தச் சட்டத்தால் தானும் தன் குழந்தைகளும் விடுதலை பெற்றதாகவும் சொல்கிறார். கொடுத்த விடுதலையைப் பறிப்பதைவிட எங்கள் எல்லோரையும் தூக்கில் போடச் சட்டம் செய்தால் அது இரக்கமாக இருக்கும் என்ற பொருள்பட எழுதுகிறார். விடுதலை பெற்ற கறுப்பர்களின் மனுவொன்றும் கூடவே வெளிவந்தது.

கடிதத்தின் கீழே கையெழுத்து: கேட்டோ.

அந்த நகரத்தின் வாசகர்கள் அறுபது ஆண்டுகளாக இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஐந்தாண்டுக்கு முன்புதான் பாதிரியார் ஸ்மித்தின் கேட்டோவையும் படித்திருந்தார்கள். முகமூடியாகவும் இதைப் படிக்கலாம், எசமான் இட்ட பெயராகவும் படிக்கலாம். டிரெஞ்சர்டும் கார்டனும் கேட்டோ என்று எழுதியபோது அவர்கள் கையைக் கட்ட யாரும் கயிற்றோடு காத்திருக்கவில்லை. இங்கே எழுதியவருக்கு விடுதலை அடுத்த வாக்கெடுப்பில் போய்விடக்கூடிய ஒன்று. அடிசனின் நாயகன் வசனமாகப் பேசியதை இவர் சட்டப்பிரிவாகப் பேசினார், தன் குழந்தைகளை முன்னிறுத்திப் பேசினார். அந்தப் பெயரை இவரைவிடத் தகுதியோடு கையெழுத்தாக இட்டவர் எவரையும் நான் படித்ததில்லை.

மசோதா நிறைவேறவில்லை. 1780 சட்டம் நிலைத்தது.